ஒரு தண்டு, நான்கு தலை: நீளம் மாறும் கோல்ஃப் மட்டை ஒரு மதிப்பீடு

கோல்ஃப் ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகள் வரை எடுத்துச் செல்லலாம் என்பது விதி. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-இல் கொண்டுவந்த இந்த வரம்பை, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அடுத்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. வரம்பு என்று வகுக்கப்பட்டது காலப்போக்கில் கட்டளைபோல் ஆகிவிட்டது. பதினான்கும் இருந்தால்தான் பை நிறைந்தது என்று விற்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்புகிறார். அந்தப் பை பத்து கிலோவைத் தாண்டும், இடுப்புக்கு மேல் உயரும், எதன்மீது சாய்த்து வைத்தாலும் சரியும். காரும் ஓட்டுநரும் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. தாம்பரத்திலோ சேலையூரிலோ குடியிருந்துகொண்டு, காலை ஆறு மணி மின்சார ரயிலில் சைதாப்பேட்டையில் இறங்கி நந்தனத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்க விரும்புகிறவருக்கோ இந்த விளையாட்டின் முதல் தடையே அந்தப் பைதான்.

தென்சென்னையில் கோல்ஃப் என்றால் நெடுங்காலமாக நினைவுக்கு வந்தவை இரண்டு இடங்கள்: கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதையின் நடுவெளியில் ஜிம்கானா கிளப் பேணிவந்த மைதானம், நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி காஸ்மோபாலிட்டன் கிளப்பின் பெயரோடும் தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பின் பெயரோடும் அறியப்படும் மைதானம். பந்தய நிலத்தின் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் அரசு அந்நிலத்தைத் தன் வசம் எடுத்த பிறகு கிண்டியின் கதை நீதிமன்றம் சார்ந்த கதையாகிவிட்டது. எனவே தாம்பரத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும் பெருகிவரும் புறநகர்களில், வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் இந்த விளையாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், மொட்டை மாடியில் வலை கட்டிப் பச்சைப் பாயின்மேல் பந்தை வைத்து அடிப்பதோடு வார நாட்களை ஓட்டுகிறார்கள். ஒரே தண்டு, அதில் மாற்றி மாற்றிப் பொருத்த நான்கு தலைகள், தண்டின் நீளத்தையே கூட்டவும் குறைக்கவும் ஒரு பூட்டு என்று இணையச் சந்தையில் விற்கப்படும் மட்டை இவர்களைக் குறிவைத்தே விளம்பரப்படுத்தப்படுகிறது. முழுதாகச் சுருக்கினால் முதுகுப்பையில் குறுக்காக அடங்கிவிடுகிறது. தலைகள் ஒரு துணி உறையில், சாவி அதன் பக்கப் பையில். சில வாரங்கள் மாடியிலும் பயிற்சித் திடலிலும் கையாண்டு பார்த்ததில் இதன் ஒரு பாதி மிக நன்றாகவும் மறு பாதி மிக மோசமாகவும் இருப்பது தெரியவந்தது. இரண்டும் ஒரே தண்டின் இரு முனைகள் என்பதுதான் இதிலுள்ள வினோதம்.

ஒரு தண்டால் எல்லா வேலையும் ஏன் நடக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பந்தைத் தொடும் முகம் செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதை ஆட்டக்காரர்கள் லாஃப்ட் என்பார்கள். இந்தச் சாய்வு கூடக்கூடப் பந்து உயரமாக எழும், தொலைவு குறையும். இப்போதைய 7-ஆம் எண் அயர்ன் மட்டையில் இது 30 பாகையை ஒட்டி இருக்கிறது. மணற்குழியிலிருந்து பந்தைத் தூக்கப் பயன்படும் வெட்ஜ் மட்டையில் 55 பாகையை ஒட்டி இருக்கிறது. சாய்வோடு சேர்ந்து நீளமும் மாறுகிறது. தொலைவுக்கு அடிக்கும் ஃபேர்வே மட்டை 43 அங்குலம், 7-ஆம் எண் 37 அங்குலம், வெட்ஜ் அதைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் குட்டை, பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் பட்டர் 34 அங்குலம் என்ற அளவில் இருப்பது வழக்கம். ஆகவே நான்கு தலைக்கும் ஒரே தண்டு என்றால் அது 34-இலிருந்து 43 வரை ஒன்பது அங்குலம் நீளவும் சுருங்கவும் வேண்டும். அட்டைப் பெட்டியின்மீது அச்சிட்டுள்ள மற்ற விவரங்கள் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியவை; அவற்றை இங்கே திருப்பிச் சொல்லிப் பயனில்லை.

நல்ல பாதி தலை சேரும் முனை. மட்டையின் தலையும் தண்டும் சேரும் இடம்தான் இந்தக் கருவியின் வரலாறு முழுவதும் தொல்லை தந்த இடம். பழைய ஸ்காட்லாந்து மட்டைகளில் ஹிக்கரி மரத்தண்டின் முனையையும் தலையின் கழுத்தையும் சரிவாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி, அதன்மேல் மெழுகு பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினார்கள்; ஈரத்தில் பிசின் விட்டது, வெயிலில் நூல் தளர்ந்தது. எஃகுத் தண்டு வந்து, அதை அமெரிக்கச் சங்கம் 1924-இலும் ஆர் அண்ட் ஏ 1929-இலும் அனுமதித்த பிறகு, துளைக்குள் தண்டைச் செருகி ஒட்டும் முறை நிலைத்தது. இன்றும் பெரும்பாலான மட்டைகள் எபாக்ஸி பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. தலையைக் கழற்ற வேண்டுமானால் மட்டை செப்பனிடுபவர் அந்த இடத்தைச் சூடுகாட்டித்தான் இழுப்பார். கத்திரி வெயிலில் நாள் முழுக்கக் காரின் டிக்கியில் மட்டைகளைப் போட்டுவைக்கக் கூடாது என்று பழகிய ஆட்டக்காரர்கள் சொல்வதும் இந்தப் பசையை மனத்தில் வைத்துத்தான்.

திருகிக் கழற்றும் தலைக்கு வழி திறந்தது 2008-இல்தான். அதுவரை எடையைத் தவிர வேறெதையும் மாற்றிக்கொள்ளும் வசதி பட்டர் அல்லாத மட்டைகளில் கூடாது என்றிருந்த விதியை அமைப்புகள் தளர்த்தின. அடுத்த ஆண்டு டெய்லர்மேட் நிறுவனம் ஆர்9 என்ற டிரைவரையும், 2010-இல் டைட்டிலிஸ்ட் நிறுவனம் 910 என்ற வரிசையையும் கொண்டுவந்தன. தண்டின் நுனியில் ஒட்டப்பட்ட ஓர் அலுமினியக் கூடு, அதன் வெளிப்புறத்தில் அல்லது விளிம்பில் பற்கள், தலையின் துளைக்குள் அந்தப் பற்கள் அமர்வதற்கான பள்ளங்கள், அடிப்புறத்திலிருந்து ஏறி எல்லாவற்றையும் இறுக்கும் ஒரே திருகு என்பது இந்த வகையின் பொது அமைப்பு. இங்கே மதிப்பிடப்படும் மட்டையும் இதே வழியைப் பின்பற்றுகிறது. கூட வரும் சாவி ஆறு முனை நட்சத்திரத் தலை கொண்டது. குறித்த முறுக்கு விசையை, அதாவது சுமார் 4.5 நியூட்டன் மீட்டரை எட்டியதும் 'டக்' என்று ஒலித்துத் தானே வழுக்கிவிடும். அந்த ஒலிக்குப் பிறகு இறுக்க முடியாது, அதற்கு முன்னால் நிறுத்தக் கூடாது. பழகாத கையும் ஒரு நிமிடத்துக்குள் வெட்ஜைக் கழற்றி 7-ஆம் எண்ணை மாட்டிவிடலாம்.

இந்தப் பற்களின் அருமை அடித்துப் பார்க்கும்போதுதான் புரிகிறது. தலை எத்தனை தடவை கழற்றி மாட்டப்பட்டாலும் அதே பள்ளத்தில் அதே பல் உட்காருகிறது. முகம் முன்பு பார்த்த திசையையே மறுபடியும் பார்க்கிறது. திருகு சற்றே தளர்ந்தாலும்கூட, தலை ஆடுமே தவிரத் திசை திரும்பாது. அந்த ஆட்டத்தையும் கை உடனே உணர்ந்துவிடும், காதும் கேட்டுவிடும். பிழை நேர்ந்தால் வெளிப்படையாக நேர வேண்டும் என்பது நல்ல கருவிக்கு இலக்கணம் என்றால், தலைப்பக்க இணைப்பு அந்த இலக்கணத்துக்கு உட்பட்டது. கடல் காற்றின் உப்பும் ஈரமும் அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் சேர்ந்தால் அரிப்பு வரும் என்பதால், வாரம் ஒருமுறை கூட்டைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவுவது நல்லது. அதைத் தவிர இந்த முனையில் சொல்லத்தக்க குறை இல்லை.

குறையெல்லாம் மேல் முனையில் குடியிருக்கிறது. தண்டு இரண்டு எஃகுக் குழாய்களால் ஆனது. கைப்பிடியுள்ள மேல்குழாய்க்குள் தலையுள்ள கீழ்க்குழாய் ஏறி இறங்குகிறது. கைப்பிடியின் நுனியிலுள்ள துளை வழியாக ஆலன் கீயை விட்டுத் திருப்பினால், உள்ளே ஒரு நீண்ட திருகு கூம்பு வடிவக் கட்டையை மேலே இழுக்கிறது. அந்தக் கூம்பு தன்னைச் சுற்றியுள்ள நைலான் வளையத்தை விரியச் செய்கிறது. விரிந்த வளையம் குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. குரோம்பேட்டையிலோ சிட்லபாக்கத்திலோ எந்த வீட்டிலும் கதவின் பின்னால் நிற்கும் நீட்டு ஒட்டடைக்கம்பில் உள்ளது இதே தத்துவம்தான். கூரை மூலையில் சற்று அழுத்தித் தேய்த்ததும் அது எப்படித் தன் போக்கில் சுழலத் தொடங்கும் என்பது அவ்வீட்டார் அனைவரும் அறிந்ததே. ஒட்டடைக்கம்பு சுழன்றால் ஒட்டடை கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். கோல்ஃப் மட்டையில் அப்படி விட்டுவிட முடியாது.

உராய்வை மட்டுமே நம்பும் பூட்டுக்கு மட்டைவீச்சில் என்ன சோதனை வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 7-ஆம் எண் தலையின் எடை சுமார் 270 கிராம். சாதாரண ஆட்டக்காரரின் வீச்சில் அது நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தை எட்டும். ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த வேகத்தில் சுழலும் தலை, தண்டை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 16.5 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. இந்த நேர் இழுப்பைப் பூட்டு தாங்கிவிடுகிறது. பயன்படுத்திய காலத்தில் தண்டு நீண்டுபோனதாகத் தெரியவில்லை. தாங்க முடியாதது முறுக்கு. பந்து முகத்தின் நடுவில் படாமல் நுனிப்பக்கம் பட்டால் தலை திரும்பப் பார்க்கிறது. கோடையில் காய்ந்து இறுகிய தரையில் தலையின் நுனி முதலில் குத்தினால் இன்னும் பலமாகத் திரும்பப் பார்க்கிறது. மாடியில் கான்கிரீட்டின்மேல் விரித்த பாயும் இந்த வகையில் இறுகிய தரைக்குச் சளைத்ததன்று. ஒவ்வொரு தடவையும் நைலான் வளையம் ஒரு மயிரிழை இடம் கொடுக்கிறது.

அந்த மயிரிழையைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு குழாய்களும் சந்திக்கும் விளிம்பின் குறுக்கே நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டால் போதும். இயந்திரப் பட்டறைகளில் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க இதே உத்தியைக் கையாள்கிறார்கள். புதிதாக இறுக்கிய மட்டையில் சிவப்புக் கோடு நேராக நிற்கிறது. ஒரு கூடை நிறையப் பந்துகளை அடித்து முடித்ததும் பார்த்தால் மேல்பாதிக் கோடும் கீழ்பாதிக் கோடும் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன. அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். உள்குழாயின் விட்டம் 13 மி.மீ., சுற்றளவு 41 மி.மீ.; ஆகவே அரை மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட நான்கரைப் பாகை. முகம் பார்க்கும் திசையிலேயே பந்து போகும் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 8 மீட்டர் விலகல். சுழற்சியால் வரும் வளைவு அதற்கு மேல். நந்தனத்தில் அந்த 8 மீட்டரில் மரம் இருக்கும், அல்லது பக்கத்துப் பாதையில் ஆடிக்கொண்டிருக்கும் வேறொருவர் இருப்பார்.

மேலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த மட்டையின்மீது எழும் எரிச்சலுக்கு உண்மையான காரணம் அதுவே. பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் 2,000-இல் ஒரு பங்கு. அடி விழுந்த அதிர்ச்சி தண்டு வழியாக ஏறிப் பூட்டை எட்டி, பூட்டு வழுக்கி, கை அதை அறிவதற்குள் பந்து போய்விட்டிருக்கும். ஆதலால் பூட்டு வழுக்குவது அந்த அடியைக் கெடுப்பதில்லை. அந்த அடி நன்றாகவே போயிருக்கலாம். கெடுவது அடுத்த அடி. ஆட்டக்காரர் கைப்பிடியை வழக்கம்போலப் பிடிக்கிறார், முகம் நான்கு பாகை திறந்திருக்கிறது, பந்து வலப்பக்கம் ஓடுகிறது. அவர் தம் மணிக்கட்டைக் குறைசொல்கிறார். அடுத்தடுத்த அடிகளில் மணிக்கட்டை வலிந்து திருப்பிச் சரிசெய்யப் பழகுகிறார். பழகி முடிந்த வேளையில் பூட்டைத் தளர்த்தி முகத்தை நேராக்கி மறுபடி இறுக்கினால், பந்து இப்போது இடப்பக்கம் ஓடுகிறது. தலைப்பக்க இணைப்பில் பிழை ஒலியெழுப்பி வெளிப்படுவதை மேலே பாராட்டியாயிற்று. நீளப் பூட்டிலோ பிழை அரவமின்றி நுழைந்து ஆட்டக்காரரின் பழக்கத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்பவருக்குத் தவறு கருவியுடையதா கையுடையதா என்று தெரியாமல் போவதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

இறுக்கமாகத் திருகினால் தீராதா என்று கேட்கலாம். தலைப்பக்கத்துக்கு 'டக்' என்று சொல்லும் சாவி கொடுத்த தயாரிப்பாளர், நீளப் பூட்டுக்கு எட்டணா மதிப்புள்ள சாதாரண ஆலன் கீயைக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் குறிப்பேட்டில் 'போதிய அளவு' என்பதே விடை. போதிய அளவுக்கு மேல் இறுக்கினால் நைலான் வளையம் நசுங்கி அதன் பிடி மேலும் குறைகிறது. வியர்வை ஒழுகும் சென்னைப் புழுக்கத்தில், கைப்பிடி நுனியின் துளை வழியாக ஈரமும் செம்மண் தூசியும் உள்ளே இறங்குவதால் வளையம் வழவழப்பாகிறது. குழாயைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் ஒரு நாள் ஒழுங்காக இருக்கிறது. முடிச்சூர் சாலையிலோ பம்மலிலோ உள்ள எந்த லேத் பட்டறையிலும் குழாயில் குறுக்குத் துளை போட்டு ஊசி செருகித் தருவார்கள்; ஆனால் மெல்லிய சுவருள்ள குழாயில், வளைவு மிகுதியாக வரும் இடத்தில் துளை போடுவது முறிவை அழைத்து உட்காரவைப்பது போலாகும். முறிந்த தண்டின் கீழ்ப்பாதி தலையோடு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தப்பலாம், அதன் அருகே துணி உலர்த்துகிறவர் தப்புவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சரியான தீர்வு வடிவமைப்பு மேசையிலேயே இருந்தது. உள்குழாய் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகவோ, நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுவதாகவோ இருந்திருந்தால், மேல்குழாய்க்குள் அது ஏறி இறங்குமே அன்றிச் சுழல இடமிருக்காது. உராய்வு நீளத்தை மட்டும் காத்தால் போதும். திசையைப் பற்களிடம் ஒப்படைத்த அதே பொறியாளர்தான் இந்த முனையில் திசையை உராய்விடம் ஒப்படைத்திருக்கிறார் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது. வட்டக் குழாய் மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

ஒரே மட்டையை மாற்றியமைத்துப் பல மட்டையாக்குவது புதிய கனவன்று. ஸ்காட்லாந்தில் உர்க்கர்ட் என்பவர் 1890-களிலேயே ஒரே இரும்புத் தலையின் சாய்வை மாற்றி அமைத்துக்கொள்ளும் மட்டைக்கு உரிமம் பெற்று விற்றார். அது இன்று பழம்பொருள் சேகரிப்போரின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அமெரிக்காவின் டிவ்னிக் நிறுவனம் சாய்வும் மாறி நீளமும் சுருங்கும் ஒற்றை மட்டையை விற்றுவருகிறது. இவற்றையெல்லாம்விட மெச்சத்தக்க அடக்கத்தைக் காட்டியது பிங் நிறுவனம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் தொடங்கிய அந்நிறுவனம், கைப்பிடி நுனியில் சாவி விட்டுத் திருப்பும் நீளப் பூட்டை 31 அங்குலத்திலிருந்து 38 அங்குலம் வரை மாறும்படி அமைத்தது. ஆனால் பட்டர் மட்டைகளில் மட்டுமே அமைத்தது. பந்தை உருட்டும் மட்டையில் வேகமும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. ஓர் உத்தி எந்த இடத்துக்குப் பொருந்தும், எந்த இடத்துக்குப் பொருந்தாது என்று அறிந்த நிறுவனங்கள் அரிது. இங்கே மதிப்பிடப்படும் மட்டையிலும் பட்டர் தலையை மாட்டி 34 அங்குலத்தில் பூட்டிவிட்டால் நகப்பூச்சுக் கோடு வாரக்கணக்கில் அசையாமல் நிற்கிறது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீசும்போது தலை எவ்வளவு கனமாகக் கைக்குத் தோன்றுகிறது என்பதை ஸ்விங்வெயிட் என்று குறிப்பிடுவார்கள். நீளம் அரை அங்குலம் குறைந்தாலே அந்த உணர்வு கண்கூடாகக் குறைந்துவிடும். இதைச் சமன்செய்யத்தான் வழக்கமான தொகுதியில் மட்டை ஒவ்வோர் அரை அங்குலம் குட்டையாகும்போதும் தலை சுமார் 7 கிராம் கனமாக்கப்படுகிறது. நான்கு தலைகளின் எடையையும் இந்த முறைப்படி தயாரிப்பாளர் வகுத்திருப்பது பாராட்டுக்குரியது. வெட்ஜ் தலை 7-ஆம் எண்ணைவிடத் தெளிவாகக் கனக்கிறது. ஆயினும் இரண்டு குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பகுதியில் சேரும் எஃகு, வீச்சின் நடுவே ஒரு மந்தத்தைத் தருகிறது. பழகிவிடலாம், ரசிக்க முடியாது.

அடுத்தது விதி. ஆலன் கீ போன்ற கருவி இல்லாமல் கையாலேயே மாற்றக்கூடியதாக இருக்கக் கூடாது, இறுக்கிய பாகங்கள் ஆட்டத்தின் நடுவே தளர்வதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கக் கூடாது, மாற்றி அமைக்கத்தக்க எல்லா நிலைகளும் விதிக்குள் அடங்க வேண்டும் என்று மாற்றியமைக்கும் மட்டைகளுக்கு நிபந்தனைகள் உள்ளன. இரண்டாம் நிபந்தனையின்முன் இந்த நீளப் பூட்டு எப்படி நிற்கும் என்பதை நகப்பூச்சுக் கோடே சொல்லிவிடும். அதைவிட முக்கியம், கோல்ஃப் விதி 4.1-இன்படி சுற்று தொடங்கிய பிறகு மட்டையின் அமைப்பை வேண்டுமென்றே மாற்றி அதனால் ஓர் அடி அடித்தால் தண்டனை ஓரிரு அடிகளோடு நிற்காது, போட்டியிலிருந்தே நீக்கம்; பாகங்களைச் சுமந்துபோய் ஆட்டத்தின் நடுவே புதிய மட்டையைச் சேர்த்துக்கட்டுவதற்கும் இடமில்லை. அதாவது ஒரு தண்டு நான்கு தலை என்ற இந்தக் கருவியின் உயிர்நாடியே போட்டி ஆட்டத்தில் தடைசெய்யப்பட்டது. இதைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது நேர்மை. அச்சிட்டிருப்பதோ, பச்சைப் புல்வெளியில் ஒருவர் தலையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சிரிக்கும் படம். உள்ளே மடித்து வைத்த குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடிக்கு எட்டும் எழுத்தில், 'பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும்' என்று ஒரு வரி உண்டு.

இன்னொரு மனக்குறை இந்தத் தயாரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று, தொழில் முழுவதுக்கும் உரியது. ஒரு நிறுவனத்தின் அலுமினியக் கூடு இன்னொரு நிறுவனத்தின் தலையில் அமராது. டெய்லர்மேடின் பற்களுக்கு டைட்டிலிஸ்ட் தலையில் இடமில்லை, இவ்விரண்டும் கால்வே நிறுவனத்தின் தலையில் பொருந்தா. மிதிவண்டிக் கடையில் எந்த வண்டியின் வால்வுக்கும் ஒரே பம்பு போதுமானதாக இருக்கும் ஊரில், மாற்றத்தக்க தலை என்று பெயர் வைத்துவிட்டுத் தன் வீட்டுத் தலையைத் தவிர வேறெதையும் ஏற்காத தண்டை விற்பதை எப்படிப் பொறுப்பது? நாளை இந்தத் தயாரிப்பாளர் கடையைக் கட்டினால் நான்கு நல்ல தலைகளும் காகிதத்தின்மேல் வைக்கும் கனமாகத்தான் மிஞ்சும். கூட்டின் அளவைப் பொதுவாக்க அமைப்புகள் முன்வரலாம். குழிகள் நிறைந்த பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை வரையறுத்தவர்களுக்கு அது முடியாத காரியமன்று.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கான மட்டைகள் உயரத்தை வைத்து விற்கப்படுகின்றன. பத்து வயதில் வாங்கியது பன்னிரண்டில் குட்டையாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் நீட்டி, குழாயை நன்கு துடைத்து, கோடு போட்டு இறுக்கிவிட்டால் இந்தத் தண்டு பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது. பிள்ளையின் வீச்சு வேகம் குறைவு என்பதால் முறுக்கும் குறைவு. பெரியவர் கையில் ஒரு கூடைப் பந்துக்குள் விலகிய கோடு, சிறுமி ஒருத்தியின் கையில் பல நாள் கழித்தும் விலகவில்லை. கைப்பிடி முழு வட்டமாக இருப்பதால் முகத்தைத் திருப்பி அமைக்கவும் தடையில்லை. இடக்கை ஆட்டக்காரருக்கான தலையும் இதே தண்டில் ஏறும் என்று தயாரிப்பாளர் விற்பனைக்கு வைத்திருக்கிறார். விளம்பரத்தில் இந்தப் பயன்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. வாரம் ஒருமுறையேனும் மைதானத்தில் முழுச் சுற்று ஆட நினைப்பவர் இதை வாங்க வேண்டாம். அதே பணத்துக்குப் பழைய அரைத் தொகுதி ஒன்று, ஏழு மட்டைகளோடு, கிடைத்துவிடும். மெல்லிய தூக்குப்பையில் அந்த ஏழையும் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் புறப்படும் முதல் வண்டியில் ஏறினால் ஓரமாக நிற்க இடம் கிடைக்கும். பயிற்சிக்காக மட்டும் வாங்கும் பெரியவர்கள் தமக்கு ஏற்ற ஒரே நீளத்தில், 37 அங்குலத்தில் பூட்டிவிட்டு அதை மறந்துவிடலாம். 7-ஆம் எண்ணும் வெட்ஜும் அந்த ஒரே நீளத்தில் அடிக்கத்தக்கவையே. ஃபேர்வே தலைக்காக 43 அங்குலத்துக்கு நீட்ட வேண்டாம், அந்த நீளத்தில்தான் பூட்டு மிக எளிதில் வழுக்குகிறது. எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். யார் வாங்கினாலும் முதல் வேலையாக இணைப்பின் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கூடைப் பந்துக்கும் முன்னால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பந்தைப் பார்க்கட்டும்.